ருசிக்கு நாலு மாதம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் 'பத்து வருஷம் அக்கா'. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை "பத்து வருஷம் அக்கா வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். காரணம் ஒன்றும் பெரிதில்லை. வேலைக்கு உட்கார்ந்து அவள் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது இதுதான்: "இன்னும் பத்து வருஷம் நீங்க இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம்."

புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டதும் மிரண்டுபோவார்கள். டாக்டர் சொல்லத் தயங்கியதை இந்த அம்மாள் போட்டு உடைக்கிறாளோ என்று பயந்து, ஒருவர் செருப்பை விட்டுவிட்டே எழுந்து ஓடியிருக்கிறார். அவரைத் துரத்திக்கொண்டு போய்ச் செருப்பைக் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, கையோடு பதிலையும் வாங்கிக்கொண்டு திரும்பியவள் இவள். அந்தச் சாமர்த்தியத்துக்காகத்தான் பதினாறு வருடமாக அந்த நாற்காலியிலிருந்து அவளை யாரும் அசைக்கவில்லை.

அவளுடைய அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கூரை ஒரு பக்கம் சாய்ந்து இறங்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்த உயரமான ஆள் எவரும் எழுந்திருக்கும்போது மண்டையில் ஒன்று வாங்காமல் போனதில்லை. மேலே யாராவது படியேறினால் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மேஜையில் ஒரு பலகை, பலகையில் இரண்டு ஆணி, ஆணிகளுக்கு நடுவே கம்பி, கம்பியில் துணி காயப்போடும் கிளிப்புகள் பத்து. அவளுடைய தொழில் கருவிகள் இவ்வளவுதான்.

கிளிப்புக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால் கதை கொஞ்சம் நீளும். மருந்து என்று ஒன்று இருந்தால், அது செய்ய வந்த நல்லதைச் செய்துவிட்டுச் சும்மா போகாது. யாரும் கேட்காத நாலைந்தையும் செய்துவிட்டுத்தான் போகும். ஒன்று நெஞ்சைக் காப்பாற்றும், உடம்பெல்லாம் அரிக்கும். இன்னொன்று அரிக்காது, தூக்கத்தைக் கெடுக்கும். எதை வாங்கி வைப்பது என்று முடிவு செய்ய ஆஸ்பத்திரியில் ஒரு குழு உண்டு. அரிப்பையும் ஆயுளையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது என்று அந்தக் குழு பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில், அனுபவிக்கப் போகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று முடிவானது.

கேள்வி இப்படி இருக்கும். "இன்னும் பத்து வருஷம் நீங்க இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். பத்து வருஷமும் தினம் உடம்பு அரிக்கும். இல்லேன்னா அரிப்பே கிடையாது, ஆனா ஆயுசு கொஞ்சம் குறையும். அரிப்பு இல்லாம இருக்கணும்னா எத்தனை கிளிப்பைக் கழட்டித் தருவீங்க?"

கிளிப் ஒன்றுக்கு ஒரு வருடம். ஒன்றைக் கழற்றினால் அரிப்பின் எடை பத்தில் ஒரு பங்கு. இரண்டைக் கழற்றினால் இரண்டு பங்கு. ஒரு கிளிப்பே அதிகம் என்பவர்கள் மாதக் கணக்கில் சொல்லலாம். நூற்றுக்கணக்கான பேர் சொன்னதைக் கூட்டிச் சராசரி எடுத்து, அந்த மருந்தைச் சாப்பிடும் நூறு பேரில் எத்தனை பேருக்கு அரிக்கும் என்ற விகிதத்தால் பெருக்க வேண்டும். இப்படியே ஒவ்வொரு தொல்லையையும் நிறுத்துக் கூட்டி, மருந்து தரும் நன்மையிலிருந்து கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து ஆயுசில் எவ்வளவு தருவாய் என்று வாய்விட்டுக் கேட்பதுதான் கஷ்டம்.

முதலில் இந்த வேலைக்கு மூன்று பட்டதாரிகளை அனுப்பிப் பார்த்தார்கள். ஒருவர் அடி வாங்கினார். இன்னொருவர் நோயாளியோடு சேர்ந்து தானும் அழுதுவிட்டு வந்தார். மூன்றாமவர் புத்திசாலி, யாரையும் கேட்காமல் எல்லாப் படிவத்தையும் தானே நிரப்பிவிட்டார். அப்போது இவள் பதிவுச் சீட்டு எழுதும் ஜன்னலில் இருந்தாள். பேர் கேட்கும் சாக்கில் வரிசையில் நிற்பவர்களின் குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிடுகிறாள், வரிசை நகர மாட்டேன் என்கிறது என்று அவள்மேல் ஏகப்பட்ட புகார். அந்தப் புகார்களைப் படித்துவிட்டுத்தான் சராசரி சார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சராசரி சார் என்பவர் குழுவின் புள்ளியியல் அதிகாரி. தங்கமான மனிதர், ஆனால் எதைக் கையில் கொடுத்தாலும் கூட்டி வகுத்துவிடுவார். ஒரு முறை பணியாளர்களுக்கு மழைக்கோட்டு வாங்கும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். எல்லாருடைய உயரத்தையும் அளந்து, சராசரி உயரத்துக்கு எழுபது கோட்டு வாங்கினார். ஒருத்தருக்கும் பொருந்தவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு வந்த பதில்களை எழுதினால் தனிப் புத்தகமே போடலாம். அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும் என்ற தொல்லைக்கு, வீட்டோடு இருக்கும் ஒரு அம்மாள் ஒரு வாரம் தந்தாள். அதே கேள்விக்கு ஒரு பேருந்து ஓட்டுநர் மூன்று கிளிப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னொண்ணு வேணும்னாலும் எடுத்துக்குங்க. அறுபது பேர வண்டியில வெச்சுக்கிட்டு நான் எங்கம்மா நிறுத்துவேன்?" என்றார். முடி கொட்டும் என்றதும் ஒருவர், "என் ஆயுசுலேருந்துதான் தரணுமா, வீட்டுக்காரி ஆயுசுலேருந்து தரலாமா?" என்று சந்தேகம் கேட்டார். தூக்கம் கெடும் என்ற கேள்விக்கு ஒரு கிடங்கின் இரவுக் காவலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது தொல்லையா? இந்த மாத்திரை கிடைக்கும்னா நான் ரெண்டு கிளிப்பு தர்றேனே!"

அவள் படிவத்தில் கழித்தல் குறி போட்டு இரண்டு என்று எழுதினாள். சராசரி சார் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொல்லைக்குக் கழித்தல்ல எடை வராதும்மா. இது தப்பான பதில். எடுத்துடுங்க."

"அவருக்கு அதுதான் சார் சரியான பதில்."

"சராசரி கெட்டுப்போகும்."

"சராசரிதானே சார், கெட்டா கெடட்டும். அது என்ன கல்யாணமாகாத பொண்ணா?"

அவர் அந்தப் படிவத்தைச் சேர்க்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மெத்தப் படித்தவர்கள் சிக்கலைத் தீர்க்கும் முறை அது.

இப்படி இரண்டாயிரத்து முந்நூறு பேரிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் தயாரானது. அறுபத்து நாலு தொல்லைகள், எடை வரிசைப்படி. உச்சியில் பார்வை போவது. அடியில், வாய் உலர்வதற்கும் ஏப்பத்துக்கும் நடுவே, நாக்கில் ருசி கெடுவது. அதற்கு ஜனங்கள் தந்த சராசரி நாலே நாலு மாதம். அந்தப் பட்டியலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத குறையாக அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

இந்தத் தொழிலில் அவளாக வகுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. கேள்வி முடிவதற்குள் வந்து விழும் பதிலை எழுத மாட்டாள். "அது கேள்விக்குச் சொன்ன பதில் இல்ல, என்னை அனுப்பறதுக்குச் சொன்ன பதில்" என்பாள். அப்படிப்பட்டவர்களிடம் பேரன் படிப்பு, வீட்டு ஒழுகல் என்று வேறெதையாவது பேசிவிட்டு, கால் மணி கழித்து அதே கேள்வியை மறுமுனையிலிருந்து கேட்பாள். பாதிப் பேருக்குப் பதில் மாறிவிடும். சராசரி சாரே இந்த விதியைப் பாராட்டி, படிவத்தின் தலையில் அச்சடித்துப் போட்டிருந்தார்.

செய்யும் தொழில் வீட்டுக்கும் வரத்தானே செய்யும். மாடி வீடா, தரைத்தள வீடா என்று பார்த்தபோது, படியேறும் மூச்சிரைப்பையும் தெருக் கொசுவையும் நிறுத்துப் பார்த்து மாடி வீடு எடுத்தாள். மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது மகள் முன்ஜாக்கிரதையாகச் சொன்னாள்: "அம்மா, வர்றவரு குறட்டை விடுவாரா, கோவப்படுவாரான்னு அவரைக் கொண்டுபோய்க் கிளிப்புல தொங்க விட்டுடாத. உனக்குப் புண்ணியமாப் போகும்." கல்யாணம் நல்லபடி முடிந்து, மகள் நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். மாப்பிள்ளை குறட்டை விடுகிறார்.

அவள் புருஷனுக்குப் பேருந்துப் பணிமனைக் கேன்டீனில் வேலை. இருபத்தேழு வருடமாகத் தலைமைச் சமையல்காரர். ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக் என்று மதியத்துக்கு முந்நூறு தட்டு. எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. பெரிய கரண்டியின் விளிம்பிலிருந்து இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். அதில் உப்பு, புளிப்பு, அடி பிடித்த வாடை, அடுப்படி ஆட்களில் யார் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பது வரை தெரிந்துவிடும் என்று அங்கே சொல்லிக்கொள்வார்கள். மனைவி சமைத்ததைச் சாப்பிடும்போது மட்டும் அவருக்குக் கை சும்மா இருக்காது. முதல் கவளத்திலேயே தட்டோடு எழுந்து அடுக்களைக்குப் போய், பாத்திரத்தில் எதையோ தூவிக் கிளறிவிட்டு வந்து உட்காருவார். முப்பது வருடக் குடித்தனத்தில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவர் கேன்டீன் தரையில் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. பெரிதாக இல்லை என்றார்கள். ஆனால் பத்து நாள் இவளுடைய அறைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் படுத்திருந்தார். அந்தப் பத்து நாளும் அவள் யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் இரண்டு மாத்திரைகளின் பெயரைச் சொன்னார். இரண்டில் ஒன்றை ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். முதல் மாத்திரைக்கு, அடுத்த மாரடைப்பைத் தடுக்கும் காவல் பலம் அதிகம். ஆனால் நூறு பேரில் முப்பது பேருக்கு நாக்கில் ருசி போய்விடும், நிறுத்தினால் சில வாரத்தில் திரும்பிவிடும். இரண்டாவது, நாக்கின் வழிக்கே போகாது. காவல் ஒரு படி கம்மி. "ரெண்டுமே நல்ல மருந்துதான். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

பேச என்ன இருக்கிறது? பட்டியலைத் தயாரித்தவளே அவள்தான். படிக்கட்டில் உட்கார்ந்து சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். முதல் மாத்திரையின் கூடுதல் காவல், பத்து வருடத்தில் சராசரியாக ஏழு மாத ஆயுசு. ருசிக்கு நாலு மாதம். நூற்றுக்கு முப்பது பேர் என்பதால் பெருக்கினால் ஒரு மாதமும் சில்லறையும். ஏழில் ஒன்றேகால் போனால் கிட்டத்தட்ட ஆறு மாதம் லாபம். முதல் மாத்திரைதான்.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று அவரையும் கேட்டாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பத்து வருஷம்னு வெச்சுக்குவோம். நாக்குல ருசி..."

"ருசியா? ஒரு வாரம்னு போட்டுக்கோ. கிளம்பலாமா?"

ஒரு வாரம் என்று எழுதிக்கொண்டாள். கேள்வி பாதியில் நின்றது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு வேண்டிய பதில் அது. வாயில் போட்டதும் கரைந்துவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு பேரிடம் விடாமல் காத்த விதியை ஒரே ஒரு ஆளிடம் விட்டுவிட்டாள். அந்த ஆள் பக்கத்திலேயே முப்பது வருடமாக இருந்தவர்.

அடுத்த எட்டு மாதமும் வீட்டில் சொர்க்கம். மனிதர் அடியோடு மாறிவிட்டார். தட்டில் எதை வைத்தாலும் சாப்பிட்டார். தட்டோடு எழுந்து போவது நின்றது. "எப்படி இருக்குங்க?" என்றால், "நல்லா இருக்கு." இரண்டாம் முறை கேட்டாலும் "நல்லா இருக்கு." மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா திருந்திட்டாரும்மா" என்றாள். சாவைப் பக்கத்தில் பார்த்தவனுக்குப் பக்குவம் வந்துவிடும் என்று இவளும் நம்பி, ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். முட்டாள்தனம்தான். சந்தோஷமாக இருக்கிறவள் எதையும் துருவிப் பார்ப்பதில்லை.

போன புதன்கிழமை வயிற்றுப்புண்ணுக்கு மருந்து வாங்க வந்த ஓர் அம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் நுனியெல்லாம் கத்திக் கீறல். அந்த மருந்துக்கும் ருசிக் கேள்வி உண்டு.

"இன்னும் பத்து வருஷம் நீங்க இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். பத்து வருஷமும் நாக்குக்கு ருசியே தெரியாது..."

"அய்யோ, அந்த மருந்தே வேண்டாம்!" என்றாள் அந்த அம்மாள்.

கேள்வி முடியவில்லை, எனவே எழுதவில்லை. பேச்சை மாற்றி, எங்கே வேலை என்று கேட்டாள். பேருந்துப் பணிமனைக் கேன்டீனில் காய் நறுக்கும் வேலை என்றாள் வந்தவள். இருபத்தேழு வருடத்தில் இவள் அந்தக் கேன்டீனுக்குப் போனது இரண்டே தடவை. அதனால் யாருடைய மனைவி எதிரே இருக்கிறாள் என்று வந்தவளுக்குத் தெரியாது. இவளும் சொல்லவில்லை.

"ருசி போனா அப்படி என்ன? நிறையப் பேரு மூணு மாசம், நாலு மாசம்னுதான் சொல்றாங்க."

"எங்க மாஸ்டரை ஒரு நாள் வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க. மாரடைப்புக்கு மாத்திரை சாப்பிடறாரு. மூணாவது வாரமே நாக்கு செத்துப்போச்சு. இப்ப உப்பைத் தராசுல நிறுத்துப் போடறாரு. கரண்டியை எங்கிட்ட நீட்டி, 'எப்படி இருக்கு?'ன்னு கேக்கறாரு. நான் சொன்னதும் என் மூஞ்சியையே பாக்கறாரு, நெஜமாத்தான் சொல்றேனான்னு. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியலம்மா. அடுத்த மாசத்துலேருந்து சாமான் அறைக்கு மாத்திவிடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாரு. மூட்டை எண்ணற வேலை."

மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறினார்கள். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவளுக்கு வந்திருந்தது அதைவிட மோசமானது. பக்கத்தில் படுத்திருந்தவருக்கு வந்ததே எட்டு மாதமாக அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமும் கோபமும் சேர்ந்து காது சூடாகிவிட்டது.

"வீட்ல சொல்லலையாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவங்க வீட்டம்மா கணக்குப் போட்டு எடுத்த மாத்திரையாம். சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடும்னாரு."

அன்றைக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பணிமனைக்குப் போனாள். மணி நாலு. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் போய், நீள மேஜைகளைத் துடைத்து நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பின்கட்டுக் கொடியில் பாத்திரம் துடைக்கும் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுக்களையில் அவர் ஒருத்தர்தான். மறுநாள் சூப்புக்கான உப்பைத் தராசில் வைத்து நிறுத்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். மருந்துக் கடைக்காரர் மாதிரி இருந்தது. அவளைக் கண்டதும் நோட்டை மூடினார்.

"என்ன, இங்க வந்திருக்க? மகளுக்கு ஏதாவது...?"

"மகளுக்கு ஒண்ணுமில்ல. நான் வெச்ச சாப்பாடு எட்டு மாசமா எப்படிங்க இருந்துச்சு?"

அவருக்குப் புரிந்துவிட்டது. தராசுத் தட்டிலிருந்த உப்பைத் திரும்ப டப்பாவில் கொட்டினார்.

"காய் நறுக்கற அம்மாவுக்கு வாய் நீளம்" என்றார்.

"அவங்க வாய் நீளம், உங்க வாய் ஊமை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லி? நீ பத்து நாளா அழுதுட்டு இருந்த. ஏதோ கணக்குப் போட்டு, மொத தடவையா மூஞ்சி தெளிஞ்சு வந்து நின்ன. எந்த மாத்திரைய எடுத்தா நீ அழ மாட்டியோ, அதுக்குத் தோதா ஒரு பதிலைச் சொன்னேன்." தராசைக் காட்டினார். "உப்பு எவ்வளவுன்னு இது சொல்லிடுது. போதுமான்னு சொல்ல மாட்டேங்குது."

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் மறுபடியும் தப்பான பதில்தான் கிடைக்கும் என்று விழுங்கிக்கொண்டாள். பின்கட்டுக்குப் போனாள். கொடியில் இருந்த துணிகளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, கிளிப்புகளில் பத்தை மட்டும் வரிசையாக விட்டுவைத்தாள். அவரைக் கூப்பிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தாள். பேச்சுக் கொடுத்தாள், சாமான் அறையில் வெளிச்சம் இருக்கிறதா, மூட்டை யார் தூக்குவார்கள், அங்கே மின்விசிறி உண்டா. எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். அதற்கப்புறம் கேள்வியை முழுதாக, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அவர் உடனே கை நீட்டவில்லை. வெளியே ஒரு பேருந்து உறுமி, பின்னால் நகர்ந்து, நின்றது. ஒரு கிளிப்பைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்று. மூன்றாவதும் பைக்குள் போனது. நாலாவது வரைக்கும் போன கை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

மூன்று வருடம். பட்டியலில் நாலு மாதம்.

கணக்கு அவள் கேட்காமலேயே தலைக்குள் ஓடியது. அன்றைக்கு நூற்றுக்கு முப்பது என்று பெருக்கினாள். இன்றைக்கு வந்தே விட்டதால் பெருக்க எதுவுமில்லை. ஒரு பக்கம் மூன்று வருட எடையுள்ள தொல்லை, மறுபக்கம் ஏழு மாதக் காவல். சராசரி சாரை எழுப்பிக் கேட்டாலும் இரண்டாவது மாத்திரை என்றுதான் சொல்வார். பட்டப்பகல் மாதிரித் தெளிவான கணக்கு. அந்த ஏழு மாதம் என்ன சங்கதி என்பதும் அவளுக்குத்தான் தெரியும். ஆளுக்கு ஏழு மாதம் என்று யாரும் வெட்டி எடுக்கப் போவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாள்கூடக் குறையாது. சிலருக்கு மட்டும் மொத்தமாகப் போகும். அந்தச் சிலரில் இவர் உண்டா இல்லையா என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

"மாத்திரைய மாத்திக்கலாம்னு நெனைக்கறேன்" என்றார் அவர், அனுமதி கேட்கிற குரலில்.

கொடியில் மிச்சமிருந்த ஏழு கிளிப்புகளை அவள் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூறு பேரும் தங்கள் வருடங்களைக் கழற்றி அவள் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் அவர்களுக்காகக் காத்திருந்த புருஷனை, பெண்டாட்டியை, பிள்ளையைக் கூப்பிட்டு உனக்குச் சம்மதமா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது.

"அந்த மூணு வருஷம் உங்களோடது மட்டும்னு நெனச்சீங்களா?" என்றாள்.

"இல்ல. அதனாலதான் இவ்வளவு நாள் சொல்லல." ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "ஊரையெல்லாம் நீதான் கேக்கற. உன்னை யாரும் கேட்டதில்ல. நான் கேக்கறேன். எனக்கு நாக்கு திரும்பணும்னா, என் ஆயுசுலேருந்து நீ எவ்வளவு தருவ? யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். பதினாறு வருடமாக எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எதற்காக அவ்வளவு நேரம் கூரையைப் பார்த்தார்கள் என்று இப்போது தெரிந்தது. ஒரு மாதம் என்று நினைத்துப் பார்த்தாள். எந்த மாதத்தை என்று தோன்றியது. ஒரு வாரம் என்று நினைத்தாள். ஒரு நாள் என்று நினைத்தாள். அந்த ஒரு நாளின் காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டே பாடுவது காதில் கேட்டது. எதிரே அவர் காத்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஒரு நாள்கூடத் தர மாட்டேன்" என்றாள். "ஒரு மணி நேரம்கூடத் தர மாட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா நாக்கு உங்களோடது. எழுந்திருங்க. டாக்டர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாரு. மாத்திரைய மாத்திட்டு வந்துடலாம்."